சட்டப்பிரிவு முதல் பதிவு வரிசை வரை: ஆப்பிரிக்கப் பொதுக் கொள்கையிலும் தொழில்நுட்ப ஆளுகையிலும் பணி

2018ஆம் ஆண்டின் இறுதியில் கென்ய நாடாளுமன்றம் ஒரு திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. பல சட்டங்களில் செய்ய வேண்டிய சின்னச் சின்ன மாற்றங்களை ஒன்றாகச் சேர்த்துக் கொண்டுவரும் வகைச் சட்டம் அது. ஆட்களைப் பதிவு செய்யும் பழைய சட்டத்துக்கு அதில் ஒரு புதிய வரையறை சேர்ந்திருந்தது. ‘பயோமெட்ரிக்’ என்பதில் கைரேகை, கையின் வடிவம், காது மடலின் வடிவம், விழித்திரை, கருவிழி, குரல் அலை, டிஜிட்டல் வடிவிலான டி.என்.ஏ. எல்லாம் அடங்கும் என்றது அந்த வரையறை. வசிக்கும் இடத்தின் ஜி.பி.எஸ். விவரத்தையும் கேட்கலாம் என்று இன்னொரு வரி சொன்னது. இவை அனைத்தையும் ஒரே எண்ணின் கீழ் கொண்டுவரும் திட்டத்துக்கு ‘ஹுடுமா நம்பா’ என்று பெயர். சுவாஹிலியில் சேவை எண் என்று அர்த்தம்.

அந்த ஒரு வரையறையை நாலு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வழக்கறிஞருக்கு உடனே 2010ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 31ஆவது பிரிவு நினைவுக்கு வரும். அந்தரங்க உரிமையை அது உறுதி செய்கிறது. ஆனால் அந்த உரிமையை நடைமுறையில் காக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அன்று கென்யாவில் இல்லை. உயிரியல் படித்தவர் டி.என்.ஏ. என்ற சொல்லில் நிற்பார். ஒருவர் கொடுக்கும் மாதிரி அவருடைய அண்ணன் தம்பி, பிள்ளைகள் பற்றியும் பேசும். அவர்கள் யாரும் சம்மதம் தரவில்லை. தரவுத்தளம் கட்டும் பொறியாளர், எல்லாத் துறைகளின் பதிவேடுகளும் ஒரே எண்ணில் வந்து சேர்ந்தால் ஓரிடத்தில் ஏற்படும் கசிவு எல்லா இடத்துக்கும் பரவுமே என்று யோசிப்பார். நைரோபியின் கிபேரா பகுதியில் வாழும் நூபியச் சமூகத்து இளைஞருக்கோ கேள்வியே வேறு. இந்த எண்ணுக்குப் பதிவு செய்ய அடையாள அட்டையோ பிறப்புச் சான்றிதழோ வேண்டும். அந்த அட்டையை எனக்கு யார் தருவார்கள்?

இந்த நாலு வாசிப்பையும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் வேலைதான் இந்த அத்தியாயத்தின் பொருள். இதற்கென்று ஒற்றைப் பட்டப்படிப்பு கிடையாது. கொள்கை ஆய்வாளர், தரவுப் பாதுகாப்பு அலுவலர், ஒழுங்குமுறை ஆணைய அதிகாரி, டிஜிட்டல் உரிமைச் செயல்பாட்டாளர், அமைச்சரின் ஆலோசகர் என்று பதவிப் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். எந்தப் பெயரில் உட்கார்ந்தாலும் ஒரு வரி எங்கே எழுதப்படுகிறது, எந்தக் கணினியில் போய் உட்காருகிறது, எந்த வரிசையில் யாரைத் திருப்பி அனுப்புகிறது என்று கடைசிவரை பின்தொடரத் தெரிந்தவரே இந்தத் துறையில் பயன்படுகிறார்.

கென்ய வழக்கை முழுதாகப் படியுங்கள்

இந்தத் துறைக்கு வர நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது பாடநூல் இல்லை, ஹுடுமா நம்பா வழக்கின் தீர்ப்பு. கென்யத் தீர்ப்புகள் ‘கென்யா லா’ இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நீளமான தீர்ப்புதான். இருந்தாலும் ஒரு வாரம் ஒதுக்கி, குறிப்பெடுத்துப் படியுங்கள். பல துறை அறிவு என்று எல்லோரும் சொல்வது வேலையில் எப்படி இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

வழக்குத் தொடுத்தவர்களில் முதன்மையானது நூபியர் உரிமை மன்றம். நூபியர்கள், பிரிட்டிஷ் படையில் சேர்த்துச் சூடானிலிருந்து கொண்டுவரப்பட்ட சிப்பாய்களின் வழித்தோன்றல்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கென்ய மண்ணில் வாழ்கிறார்கள். ஆனாலும் வழக்குத் தொடுத்த காலத்தில் அவர்கள் வீட்டுப் பிள்ளை பதினெட்டு வயதில் அடையாள அட்டை கேட்டுப் போனால், மற்ற கென்யர்கள் பலரைப் போல விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்துவிட முடியவில்லை. தனியாக ஒரு சரிபார்ப்புக் குழுவின் முன் நிற்க வேண்டியிருந்தது, தாத்தா பாட்டி காலத்துக் காகிதங்கள் வரை காட்ட வேண்டியிருந்தது. பழைய காகித முறையில் இருந்த இந்தப் பாகுபாட்டை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் டிஜிட்டல் முறையைக் கட்டினால், அட்டை இல்லாதவர் இனி எந்தச் சேவையும் இல்லாதவர் ஆகிவிடுவார். இதைக் கணினிப் பொறியாளர் தானாகக் கண்டுபிடிக்க வழியில்லை. சட்ட வாசகத்திலும் இது இல்லை. கிபேராவில் அந்தக் குழுவின் முன் நின்றவர்களிடம் கேட்டால்தான் தெரியும்.

கென்யாவின் வடகிழக்கில் இதைவிடக் கடுமையான ஒன்று நடந்திருக்கிறது. வறட்சிக் காலங்களில், சோமாலி இனத்தைச் சேர்ந்த கென்யக் குடும்பங்கள் சில, ததாப் அகதி முகாமில் ரேஷன் கிடைக்கும் என்பதற்காகத் தங்களை அகதிகளாகப் பதிந்துகொண்டன. குழந்தைகளின் கைரேகையும் அந்தப் பதிவேட்டுக்குள் போனது. பல ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகள் கென்ய அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது, கணினி அவர்களை அகதிகள் என்று காட்டியது. பிறந்த நாட்டிலேயே குடியுரிமையை நிரூபிக்க முடியாத நிலை. ‘இரட்டைப் பதிவு’ என்று இதற்குப் பெயர் வந்துவிட்டது. அந்தப் பகுதியின் கரிஸ்ஸா நகரில் இதற்காக வாதாடும் சட்ட உதவி அமைப்பு இருக்கிறது. பசிக்காக வைத்த கைரேகை குடியுரிமையைத் தடுக்கும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்? தரவு ஒரு நோக்கத்துக்காக வாங்கப்பட்டால் அதற்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்ற விதி, உலகத்துத் தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. அது ஏன் இருக்கிறது என்று எனக்கு ததாப்பைப் போல எந்த விரிவுரையும் புரியவைத்ததில்லை.

வழக்குக்கு வருவோம். பதிவு தொடங்கவிருந்த நேரத்தில், 2019 ஏப்ரல் 1 அன்று, உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. பதிவு நடக்கட்டும், ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, பதியாதவருக்குச் சேவையை மறுக்கக் கூடாது, டி.என்.ஏ.வும் ஜி.பி.எஸ்.ஸும் வாங்கக் கூடாது. இறுதித் தீர்ப்பு 2020 ஜனவரி 30 அன்று வந்தது. டி.என்.ஏ., ஜி.பி.எஸ். சேகரிப்பு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. திட்டத்தை அடியோடு தடுக்கவில்லை. போதுமான, முழுமையான ஒழுங்குமுறை ஏற்பாடு வந்த பிறகே தொடரலாம் என்றது. இடையில் 2019 நவம்பரில் கென்யா தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிவிட்டிருந்தது.

சாட்சிகள் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மனுதாரர் தரப்பில் சாட்சி சொன்ன நிபுணர்களில் ஒருவர் ஆனந்த் வெங்கடநாராயணன், ஆதாரை ஆராய்ந்த இந்தியக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர். நைரோபி நீதிமன்றத்தில் இந்திய அனுபவம் சாட்சியாக வந்து நின்றது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2018 ஆதார் தீர்ப்பும் அங்கே விரிவாக அலசப்பட்டது. தமிழ் வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆதாரோடு வாழ்ந்த அனுபவம், ரேஷன் கடையில் விரல் பதியாமல் திரும்பியவர்களைப் பார்த்த அனுபவம், இந்தத் துறையில் மதிப்புள்ள அறிவு. ஆனால் அதைக் குறுக்கு விசாரணையில் நிற்கும் அளவுக்கு ஒழுங்காக, ஆதாரத்தோடு எழுதிவைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தீர்ப்போடு கதை முடியவில்லை. அரசு அட்டைகளை அச்சடித்து விநியோகிக்கத் தொடங்கியது. 2021 அக்டோபர் 14 அன்று உயர் நீதிமன்றம் மறுபடியும் குறுக்கிட்டது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவு கேட்கும் தாக்க மதிப்பீட்டைச் செய்யாமலே அட்டை விநியோகத்தைத் தொடங்கியது செல்லாது என்றது. அந்த மதிப்பீடு என்பது ஓர் ஆவணம். என்ன தரவு, எதற்காக, எவ்வளவு காலம், யார் கையில், கசிந்தால் யாருக்கு என்ன கேடு, அதைக் குறைக்க என்ன வழி என்று எழுதும் ஆவணம். நாலைந்து பேர் சில மாதங்கள் உட்கார்ந்து எழுதியிருக்கக்கூடிய அந்த ஒன்று இல்லாததால் ஒரு தேசியத் திட்டம் நின்றது. இன்று அதை எழுதத் தெரிந்தவர்களுக்கு ஆப்பிரிக்காவின் பல தலைநகரங்களில் வேலை இருக்கிறது.

ஒரு துறையில் வேரூன்றுங்கள், மற்றவற்றைப் படிக்கப் பழகுங்கள்

பல துறை என்றதும் பலர் பட்டங்களைச் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பொறியியல், பிறகு எம்.பி.ஏ., பிறகு பொதுக் கொள்கை, இடையில் பத்துச் சான்றிதழ் படிப்புகள். இது எனக்கு உடன்பாடில்லை. நீதிமன்றமோ அமைச்சகமோ உங்களைக் கூப்பிடுவது ஏதோ ஒன்றில் உங்கள் சொல்லை நம்பலாம் என்பதற்காக. அந்த ஒன்றைச் சட்டமாகவோ, புள்ளியியலாகவோ, கணினியாகவோ, பொருளாதாரமாகவோ முதலில் உறுதியாக்கிக்கொள்ளுங்கள். மற்றத் துறைகளில் எழுதத் தெரிய வேண்டியதில்லை. படித்துப் புரிந்து, சரியான கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

கணினியிலிருந்து வருபவர் கொள்கைக் கோட்பாடுகளை விட்டுவிட்டுச் சட்ட வாசிப்பில் தொடங்கட்டும். மசோதா கையில் வந்ததும் முகவுரையில் மயங்காமல் வரையறைப் பிரிவுக்குப் போங்கள். அதன்பின் ‘அமைச்சர் விதிகள் வகுக்கலாம்’ என்று வரும் இடங்களையெல்லாம் கோடிடுங்கள். நாடாளுமன்றம் முடிவு செய்யாமல் பின்னால் தள்ளிவிட்ட விஷயங்கள் அங்கேதான் இருக்கும். கடைசியில் விதிவிலக்குகள். தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற சொற்களுக்கு எல்லை போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டத்திலிருந்து வருபவர் மென்பொருள் எழுதக் கற்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு அட்டவணைகளைப் பொது எண் ஒன்றை வைத்து இணைப்பது எப்படி என்று ஒரு முறையாவது தன் கையால் செய்து பார்க்க வேண்டும். எஸ்.க்யூ.எல். மொழியின் அடிப்படைகளைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். மருத்துவப் பதிவேட்டையும் வரிப் பதிவேட்டையும் ஒரே வரியில் இணைத்துவிடலாம் என்று பார்த்த பிறகு, ‘ஒற்றை எண்’ என்ற சொல்லை நீங்கள் வாசிக்கும் விதமே மாறிவிடும்.

மொரீஷியஸின் அடையாள அட்டை வழக்கு இதற்கு நல்ல பயிற்சி. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து அச்சிடும் அந்தத் தீவு, 2013இல் பயோமெட்ரிக் அட்டையைக் கொண்டுவந்தது. மாதேவூ என்ற குடிமகன் தொடுத்த வழக்கில், 2015இல் உச்ச நீதிமன்றம் இரண்டு செயல்களைத் தனித்தனியே பிரித்தது. கைரேகை வாங்குவதை நியாயம் என்று ஏற்றது. வாங்கியதை மையப் பதிவேட்டில் வைத்திருப்பதை ஏற்கவில்லை. 2016இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அட்டைக்காக ரேகை வாங்கலாம் என்றே சொன்னது. 2021இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, அட்டையிலேயே ரேகையைச் சேமிப்பதற்கும் போதிய பாதுகாப்பு இருப்பதாக அரசு காட்டவில்லை என்று கூறி, அந்தரங்க உரிமை மீறப்பட்டதாக முடிவு செய்தது. வாங்குவது, அட்டையில் வைப்பது, மையத்தில் வைப்பது என்ற மூன்றுக்கும் உள்ள வேறுபாடு பொறியியல் வேறுபாடு. அதைப் பிடித்துக்கொண்டவர்கள்தான் வாதத்தைக் கட்டினார்கள்.

டோகோவிடமிருந்து புள்ளியியலாளர் கற்க வேண்டியது

அடையாள வழக்குகளை மட்டும் படித்தால், தடுப்பதுதான் இந்தத் துறையின் வேலை என்ற எண்ணம் வந்துவிடும். மேற்கு ஆப்பிரிக்காவின் சிறிய நாடான டோகோவைப் பாருங்கள். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு தொடங்கிய சில நாட்களிலேயே, அங்கே ‘நோவிசி’ என்ற உதவித் திட்டம் வந்துவிட்டது. சாதாரண பட்டன் போனில் *855# என்று அழுத்தினால் போதும். வாக்காளர் அட்டை எண்ணைச் சரிபார்த்து, தகுதியுள்ளவருக்குப் பணம் போனுக்கே வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அதிபர் தேர்தல் நடந்திருந்ததால் வாக்காளர் பட்டியல் புதிதாக இருந்தது. அதில் தொழிலும் எழுதப்பட்டிருந்தது. தையல்காரர், சந்தை வியாபாரி, மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டுபவர் என்று அன்றாடம் சம்பாதிப்பவர்களை அந்தப் பட்டியலை வைத்தே அடையாளம் கண்டார்கள். மாதத்துக்கு ஆண்களுக்கு 10,500 சி.எஃப்.ஏ. பிராங்க், பெண்களுக்கு 12,250. இதை முன்னின்று நடத்திய அமைச்சர் சினா லாசன், ஹார்வர்டில் பொதுக் கொள்கை படித்து, தொலைத்தொடர்பு நிறுவனங்களில் வேலை பார்த்து, 2010இல் அமைச்சரானவர். கொள்கையும் தொலைத்தொடர்பும் ஒரே ஆளிடம் இருந்ததன் பலன் அந்த வேகம்.

தலைநகர் லோமேயைத் தாண்டிக் கிராமங்களுக்குப் போனபோது ஆட்களைத் தேர்ந்தெடுப்பது சிக்கலானது. செயற்கைக்கோள் படங்களை வைத்து மிக ஏழ்மையான 100 வட்டங்களைக் குறித்தார்கள். அங்கே யார் அதிக ஏழை என்பதை, போன் பயன்பாட்டுப் பதிவுகளிலிருந்து இயந்திரக் கற்றல் வழியாகக் கணித்தார்கள். இதன் ஆய்வு 2022இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. அந்தக் கட்டுரையின் சுருக்கத்தில் இரண்டு எண்கள் வருகின்றன. ஊரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறைகளோடு ஒப்பிட்டால், தகுதியிருந்தும் விடுபட்டுப் போகும் பிழை 4 முதல் 21 சதவீதம் குறைகிறது. எல்லோரையும் பதிந்த முழுமையான சமூகப் பதிவேடு ஒன்று இருந்திருந்தால் அதனோடு ஒப்பிடும்போது, அதே பிழை 9 முதல் 35 சதவீதம் கூடுகிறது.

முதல் எண்ணை மட்டும் எடுத்து அமைச்சருக்குக் குறிப்பு எழுதுபவர் பலர். இரண்டையும் எழுதி, ‘அவசரத்துக்கு இது சரி, நெருக்கடி தணிந்ததும் வீடு வீடாகப் பதிவேடு எடுக்கப் பணம் ஒதுக்குங்கள், போனே இல்லாதவர் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்’ என்று சொல்பவர்தான் இந்தத் துறைக்குத் தேவை. புள்ளியியல் தெரிந்தவரின் கடமை அங்கே தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே 2020இல், ஜூன் மாதம், மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எகோவாஸின் நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொன்னது. 2017இல் அரசுக்கு எதிரான போராட்டங்களின்போது டோகோ இணையத்தைத் துண்டித்தது சட்டவிரோதம் என்று. போன் வழியாக ஏழைக்குப் பணம் அனுப்பிய அரசும், போராடியவர்களின் இணையத்தை அறுத்த அரசும் ஒன்றே. டோகோவைப் பற்றி எழுதும்போது இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஒன்றை விட்டால் மற்றது பொய்யாகிவிடும்.

ஒரு நாட்டைத் தேர்ந்தெடுங்கள்

ஆப்பிரிக்க ஒன்றியத்தில் 55 உறுப்பு நாடுகள். பொதுச் சட்ட மரபில் வந்தவை, பிரெஞ்சுச் சட்ட மரபில் வந்தவை, இரண்டும் கலந்தவை எல்லாம் உண்டு. கண்டம் முழுவதற்கும் நிபுணர் என்று யாரும் இருக்க முடியாது. தரவுப் பாதுகாப்புக்கும் இணையப் பாதுகாப்புக்குமான மலாபோ ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஜூனில் ஏற்கப்பட்டது. 15 நாடுகளின் ஒப்புதல் கிடைத்து நடைமுறைக்கு வந்தது 2023 ஜூனில். அந்த ஒன்பது ஆண்டுகளில் தென்னாப்பிரிக்கா, கென்யா, நைஜீரியா, ருவாண்டா எல்லாம் தங்கள் வழியில் போய்விட்டன. கண்ட அளவிலான ஆவணங்களை, குறிப்பாக 2022இன் தரவுக் கொள்கைச் சட்டகத்தையும் 2024இன் செயற்கை நுண்ணறிவு உத்தியையும், படித்துவைத்திருக்க வேண்டும். ஆனால் வேலை நடப்பது நாட்டளவில்.

ஆகவே ஒரு நாட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டுகள் அதிலேயே இருங்கள். அந்த நாட்டின் நாளிதழ், அரசிதழ், நாடாளுமன்ற விவாதம், பட்ஜெட், ஆணைய உத்தரவுகள் எல்லாவற்றையும் தொடர்ந்து படியுங்கள். மொழியும் வேண்டும். கென்யா, தான்சானியாவுக்குச் சுவாஹிலி. செனகல், டோகோ, ஐவரி கோஸ்ட் என்றால் பிரெஞ்சு இல்லாமல் சட்டத்தின் மூல வாசகத்தைக் கூடப் படிக்க முடியாது. ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் அவர்களுக்கு மதிப்பு அதிகம்.

ஒழுங்குமுறை ஆணையங்களின் சிறிய உத்தரவுகளைத் தவறவிடாதீர்கள். 2023 செப்டம்பரில் கென்யத் தரவுப் பாதுகாப்பு ஆணையர் அலுவலகம் மூன்று நிறுவனங்களுக்கு அபராதம் போட்டது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளின் படங்களைப் பதிவிட்ட பள்ளிக்கு 45.5 லட்சம் ஷில்லிங். வாடிக்கையாளரின் படத்தைப் போட்ட கேளிக்கை விடுதிக்கு 18.5 லட்சம். கடன் வாங்கியவரின் போனிலிருந்தும் வேறு வழியிலும் எடுத்த எண்களுக்கு மிரட்டல் செய்தி அனுப்பிய கடன் செயலிக்கு 29.75 லட்சம். மக்களுக்குச் சட்டம் எங்கே உறைக்கிறது என்பதைப் பெரிய உத்தி ஆவணங்களைவிட இவை நன்றாகச் சொல்கின்றன.

படிப்பு, வேலை, கதவுகள்

பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையம், ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆளுகைப் பள்ளி, நைரோபி ஸ்ட்ராத்மோர் பல்கலைக்கழகத்தில் அறிவுசார் சொத்துரிமையையும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தையும் ஆராயும் மையம், கிகாலியில் உள்ள கார்னகி மெல்லன் ஆப்பிரிக்க வளாகம் ஆகியவை இந்தத் துறையில் அறியப்பட்டவை. நீண்ட படிப்புக்கு வழியில்லாதவர்கள் 2013 முதல் நடக்கும் ஆப்பிரிக்க இணைய ஆளுகைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம். சில நாள் பயிற்சிதான். ஆனால் அரசு அதிகாரி, செயல்பாட்டாளர், பொறியாளர் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைக்கும். தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு கதவு இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2023இல் தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் திறந்து, தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் கற்பிக்கிறது.

வேலை தருபவர்களில் கேப் டவுனின் ‘ரிசர்ச் ஐ.சி.டி. ஆப்பிரிக்கா’, கம்பாலாவின் ‘சிபேசா’, லாகோஸின் ‘பாரடைம் இனிஷியேட்டிவ்’ போன்ற ஆய்வு, உரிமை அமைப்புகள் ஒரு வகை. கொழும்பின் ‘லேர்ன் ஏசியா’ கேப் டவுன் நிறுவனத்தோடு சேர்ந்து கணக்கெடுப்புகள் நடத்தியிருக்கிறது. இலங்கைத் தமிழ் ஆய்வாளர்கள் இந்தப் பாதையைக் கவனிக்கலாம். அடிஸ் அபாபாவில் ஐ.நா.வின் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணையம், கிகாலியில் ‘ஸ்மார்ட் ஆப்பிரிக்கா’, அபிஜானில் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி. இவை தவிர வங்கிகளுக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் இப்போது தரவுப் பாதுகாப்பு அலுவலர்கள் வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் வழக்கமான பணியிடங்கள் உறுப்பு நாட்டுக் குடிமக்களுக்கு உரியவை. மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அந்தத் தகுதியுள்ளவர்கள். இந்திய, இலங்கைக் குடிமக்கள் அல்ல. இது நியாயமான ஏற்பாடு. தங்கள் கண்டத்தின் கொள்கையைத் தங்கள் மக்கள் எழுத வேண்டும் என்று அவர்கள் நினைப்பதில் தவறில்லை. வெளியிலிருந்து வருபவருக்கு உரிய இடம், கேட்டுக்கொண்டால் உதவும் இடம். உதாரணத்துக்கு, பெங்களூரு ஐ.ஐ.ஐ.டி.யில் 2018இல் உருவான ‘மோசிப்’ என்ற திறந்த மூல அடையாள மென்பொருளை எத்தியோப்பியா, மொராக்கோ, டோகோ உள்ளிட்ட நாடுகள் எடுத்துக்கொண்டுள்ளன. அதன் பின்னணி தெரிந்த இந்தியருக்கு அங்கே சொல்ல விஷயம் இருக்கிறது. மென்பொருளைக் கொண்டுபோகும்போது ஆதாரைப் பற்றி இந்தியாவில் எழுந்த கேள்விகளையும் கூடவே கொண்டுபோகும் பொறுப்பும் இருக்கிறது.

பணப் பின்னணியையும் பார்த்துப் போங்கள். பல கொள்கை வரைவுகள் வெளிநாட்டு நன்கொடையில், சில மாத ஆலோசகர் ஒப்பந்தத்தில் எழுதப்படுகின்றன. ஒப்பந்தத்தை ஏற்கும் முன் பணி வரையறையில் மூன்றைத் தேடுங்கள்: வரைவை யார் இறுதி செய்வார், பொதுமக்கள் கருத்துக்கு எத்தனை நாள், உங்கள் அறிக்கை வெளியிடப்படுமா. மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் நான் ஒதுங்கிவிடச் சொல்வேன்.

பாதை நேராக இருக்காது என்று பயப்பட வேண்டாம். ஓரி ஒகோல்லோ அரசியல் அறிவியலும் சட்டமும் படித்தவர். கென்ய எம்.பி.க்களைக் கண்காணிக்கும் ‘ம்சலெண்டோ’ தளத்தைத் தொடங்கினார், 2008இல், தேர்தல் வன்முறையை வரைபடத்தில் பதியும் ‘உஷாஹிதி’யை நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கினார், பிறகு கூகுளில் ஆப்பிரிக்கக் கொள்கை மேலாளர், அதன்பின் முதலீட்டு அமைப்பு. பிட்டாங்கே என்டெமோ பேராசிரியர்; 2005 முதல் 2013 வரை கென்யத் தகவல் தொடர்புத் துறைச் செயலராக இருந்தபோது மொம்பாசாவுக்குக் கடலடிக் கேபிள் வந்தது, அரசின் திறந்த தரவுத் தளம் வந்தது. பிறகு பல்கலைக்கழகத்துக்கே திரும்பினார்.

முதல் கருத்து மனு

கென்யாவில் மசோதா குழுவுக்குப் போனதும், நாளிதழிலும் நாடாளுமன்றத் தளத்திலும் பொதுமக்கள் கருத்துக் கேட்டு அறிவிப்பு வரும். அரசியல் சட்டத்தின் 118ஆவது பிரிவு கட்டாயமாக்கிய நடைமுறை இது. அவகாசம் குறைவு. அதனால் மசோதா அரசிதழில் வந்த அன்றே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். வெளிநாட்டவராக இருந்தால் தனியாக அனுப்பாதீர்கள். உள்ளூர் அமைப்பு ஒன்றோடு சேர்ந்து, அவர்கள் பெயரில், அவர்கள் முடிவுப்படி எழுதுங்கள்.

பத்துப் பக்கக் கட்டுரை வேண்டாம். குழுவின் எழுத்தருக்குத் தேவை மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை: பிரிவு எண், நீங்கள் கோரும் மாற்று வாசகம், காரணம். ஹுடுமா நம்பா வரையறைக்கு எழுதியிருந்தால் இப்படி இருக்கும். முதல் பத்தியில் ‘பயோமெட்ரிக்’ வரையறையின் பிரிவு எண். இரண்டாவதில், ‘டி.என்.ஏ.’ என்று வரும் சொற்களை நீக்குக. ‘உள்ளிட்ட’ என்பதற்குப் பதில் ‘மட்டும்’ என்று போடுக. இந்த இரண்டாவது மாற்றம் முக்கியமானது. ‘உள்ளிட்ட’ என்று இருந்தால் பட்டியல் முடிவதே இல்லை. நாளை நடையின் சாயலையும் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவதில் காரணம், ஐந்தாறு வரிகளில்: அந்தரங்கத்துக்கு 31ஆவது பிரிவு, உரிமையைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் குறைந்த பாதிப்புள்ள மாற்று வழி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் 24ஆவது பிரிவு, ஒருவரை அடையாளம் காணக் கைரேகையே போதும் என்பதற்கான தொழில்நுட்பக் காரணம், டி.என்.ஏ. உறவினர் விவரத்தையும் வெளிப்படுத்தும் என்ற உயிரியல் காரணம். இவ்வளவுதான். மூன்று துறைகள் அந்த ஐந்தாறு வரிக்குள் அடங்கிவிட்டன.

எழுதியதை அனுப்பும் முன், அந்தச் சட்டத்தால் பாதிக்கப்படப்போகும் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். கிபேராவிலோ கரிஸ்ஸாவிலோ இருப்பவர், ‘இது எங்கள் பிரச்சினை இல்லை, முதலில் எங்களுக்கு அட்டை வாங்கித் தாருங்கள்’ என்று சொல்லலாம். அப்படியென்றால் மாற்றி எழுதுங்கள்: அட்டை இல்லாதவருக்கு மாற்று ஆவணங்கள் எவை என்று மசோதாவே சொல்ல வேண்டும் என்று இன்னொரு வரிசையைச் சேருங்கள். இப்படிச் சேரும் வரிசைதான் பெரும்பாலும் மனுவிலேயே வலுவானதாக இருக்கும்.

சில வாரங்கள் கழித்துக் குழுவின் அறிக்கை வரும். யார் என்ன கேட்டார்கள், குழு எதை ஏற்றது, எதை ஏன் மறுத்தது என்று பிரிவு வாரியாக அதில் இருக்கும். உங்கள் வரிசை மறுக்கப்பட்டிருந்தால் காரணத்தைக் குறித்துக்கொண்டு, அதே பிரிவுக்கு வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் அமைச்சகமும் என்ன கேட்டிருக்கின்றன, எந்த வாசகம் ஏற்கப்பட்டது என்று பக்கத்தில் எழுதுங்கள். அடுத்து அந்தச் சட்டத்தின் கீழ் விதிகள் வரைவாகும்போது, முதல் நாளே எடுத்துப் பார்க்க வேண்டிய கோப்பு அது.